வெஸ்ட் பாயின்ட் 1846 பேட்ச்: ஒன்றாகப் படித்தவர்கள் எதிரெதிரே நின்ற போர்

தேர்முட்டி எழுதியது:

பிரிந்துபோன தென் மாநிலங்களும் வட மாநிலங்களும் 1861 முதல் 1865 வரை மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி இங்கே பேச்சு எடுத்தால் லிங்கன், கெட்டிஸ்பர்க், அடிமை ஒழிப்பு என்று மூன்று விஷயத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் படை நடத்தியவர்களில் பலர் ஒரே கல்லூரிப் பையன்கள் என்பதை யாரும் விரித்து எழுதியதாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி. 1802-இல் தொடங்கியது, நான்கு வருடப் படிப்பு. தினமும் கரும்பலகை முன்னால் நின்று பாடத்தை ஒப்பிக்க வேண்டும், அன்றன்றைக்கே மார்க். பொத்தான் போடாவிட்டால், தாமதமாக வந்தால், அறை அலங்கோலமாகக் கிடந்தால் கறுப்புப் புள்ளி. ஒரு வருடத்தில் அது 200-ஐத் தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை வரிசைப்படுத்தி விடுவார்கள். மேலே வந்தவர்களுக்கு இன்ஜினியர் பிரிவு, அதற்கு அடுத்தவர்களுக்குப் பீரங்கி, கீழே நிற்பவர்களுக்குக் காலாட்படை.

1846-இல் வெளியே வந்த பேட்சில் 59 பேர், அதுவரை அங்கே தேறியதிலேயே பெரிய கூட்டம். இரண்டாம் இடம் ஜார்ஜ் மெக்லெல்லன். ஃபிலடெல்ஃபியா டாக்டர் வீட்டுப் பிள்ளை, சேரும்போது வயது 15 தான். பின்னாளில் வடக்கின் பெரும்படைக்கே தலைவர் ஆனார். 17-ஆம் இடம் தாமஸ் ஜாக்சன். உலகம் ஸ்டோன்வால் ஜாக்சன் என்று சொல்கிறதே, அவர்தான். 59-ஆம் இடம், அதாவது கடைசி, ஜார்ஜ் பிக்கெட்.

இதில் ஜாக்சன் கதைதான் எனக்கு நெருக்கம். மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதி, சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய், சித்தப்பா வீட்டு மில்லில் வளர்ந்தவர். வெஸ்ட் பாயின்டில் அந்தத் தொகுதிக்கு ஒதுக்கிய இடம் முதலில் வேறொரு பையனுக்குத்தான் கிடைத்திருந்தது. அவன் போய்ப் பார்த்து, ஒத்துவராது என்று திரும்பி வந்ததால் இவருக்கு வாய்த்தது. வீட்டில் நெய்த முரட்டுத் துணியில், தோளில் சேணப்பையோடு அவர் வந்து இறங்கியதை ஏ. பி. ஹில், டாப்னி மோரி, பிர்கெட் ஃப்ரை என்ற மூன்று வர்ஜீனியாப் பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இவன் தங்குவதற்கென்றே வந்தவன் போலிருக்கிறது என்று மோரி அப்போதே சொன்னாராம். அடிப்படைக் கணக்கே சரியாகத் தெரியாத ஆள். இரவு விளக்கணைக்கும் நேரத்துக்கு முன்னால் கணப்பில் கரியை அள்ளிக் குவித்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து அந்தத் தணல் வெளிச்சத்தில் படிப்பார். முதல் வருடம் 51-ஆம் இடம், அப்புறம் 30, அப்புறம் 20, கடைசியில் 17. இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் முதலிடமே வந்திருப்பான் என்று கூடப் படித்தவர்கள் சொன்னார்கள்.

படிப்பு முடிந்த கையோடு மெக்சிகோ போர். மே மாதம் போர் அறிவிப்பு, ஜூலையில் பையன்கள் லெப்டினன்டுகள். 1847 செப்டம்பர் 13 அன்று சாப்புல்டெபெக் கோட்டைத் தாக்குதலில் குதிரைகள் செத்து, ஆட்கள் ஓடிப்போன பின்பும் ஒற்றைப் பீரங்கியை வைத்துக்கொண்டு ஜாக்சன் நகராமல் நின்றார். அதே கோட்டைக்கு மேலே கொடியோடு ஏறிக்கொண்டிருந்த லாங்ஸ்ட்ரீட் (1842 பேட்ச்) தொடையில் குண்டு பட்டு விழ, கொடியை வாங்கி உச்சிக்குக் கொண்டுபோனது பிக்கெட். கடைசி ரேங்க் பிக்கெட்!

14 வருடம் கழித்து இவர்கள் எல்லோரும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். மெக்லெல்லன் வடக்கு. ஜாக்சன், பிக்கெட், மோரி, வில்காக்ஸ் தெற்கு. ஜாக்சனோடு ஒரே அறையில் இருந்த ஜார்ஜ் ஸ்டோன்மன் வடக்கு.

———

மின்மினி எழுதியது:

ரொம்ப அருமை சார். ஒரே களத்தில், ஒருவருக்கொருவர் தெரிந்தே இவர்கள் எதிரெதிரே நின்ற ஒரு நாளை எடுத்து விரிவாகச் சொல்ல முடியுமா? அப்புறம் ஹில்லும் மெக்லெல்லனும் ஒரே பெண்ணை விரும்பினார்கள் என்று எங்கேயோ படித்தேன், அது உண்மையா?

———

தேர்முட்டி எழுதியது:

இரண்டுக்கும் ஒரே பதில்தான் மின்மினி: 1862 செப்டம்பர், மேரிலாந்து.

முதலில் அந்தப் பெண். எலன் மார்சி, ராணுவ அதிகாரி ராண்டால்ஃப் மார்சியின் மகள். மெக்லெல்லன் கேட்டார், அவள் மறுத்துவிட்டாள். 1856-இல் ஹில்லோடு நிச்சயம் ஆனது. வீட்டில் கடும் எதிர்ப்பு, நிச்சயம் முறிந்தது. 1860 மே மாதம் அவள் மெக்லெல்லனையே கட்டிக்கொண்டாள். ஹில் மெக்லெல்லனின் பழைய ரூம்மேட். 1842-இல் ஒன்றாகச் சேர்ந்தவர், உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் பின்தங்கி 1847 பேட்சோடு தேறினார். போரில் ஹில்லின் டிவிஷன் வந்து மோதும்போதெல்லாம், அந்தப் பெண் ஹில்லையே கட்டியிருந்தால் நமக்கு இந்தப் பாடு இல்லையே என்று வடக்குச் சிப்பாய்கள் புலம்பியதாக ஒரு கதை படைக்குள் உலவியது.

இப்போது களம். செப்டம்பர் 14 மாலை, சவுத் மவுன்டன் மலைக்கணவாயில் சண்டை. வடக்கின் ஒன்பதாவது கோர் என்ற பெரும்படைப்பிரிவை நடத்தியவர் ஜெஸ்ஸி ரீனோ, 1846 பேட்ச். அவருக்குக் கீழே ஒரு டிவிஷனை நடத்தியவர் சாமுவேல் ஸ்டர்ஜிஸ், அதே பேட்ச். இருட்டும் நேரத்தில் முன்வரிசையைப் பார்க்கப் போன ரீனோவுக்குக் குண்டு பாய்ந்தது. தூக்கிக்கொண்டு வரும் வழியில் ஸ்டர்ஜிஸ் நிற்கிறார். "ஹலோ சாம், நான் செத்தேன்" என்கிறார் ரீனோ. குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் ஸ்டர்ஜிஸ் விளையாட்டுப் பேச்சென்றே நினைத்தார். அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லவும் செய்தார். ஆமாம், செத்தேன், வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ரீனோ கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டார். நெவாடாவில் இருக்கிற ரீனோ நகரத்துக்கு இவர் பெயர்தான்.

மூன்று நாள் கழித்து செப்டம்பர் 17, ஆன்டீடம். ஒரே பகலில் இரண்டு பக்கமும் சேர்த்து 22,000-க்கு மேல் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். வடக்குக்கு மொத்தத் தலைமை மெக்லெல்லன். அவர் படையின் இடது பக்கத்தில் பர்ன்சைட், 1847 பேட்ச், மெக்லெல்லனின் உற்ற நண்பர், போருக்கு முன்னால் கையில் காசில்லாமல் தவித்தபோது மெக்லெல்லன்தான் ரயில்வே கம்பெனியில் வேலை போட்டுக் கொடுத்தார். பர்ன்சைடு பிடிக்க வேண்டிய கல்பாலத்தை மதியம் ஒரு மணி வாக்கில் பிடித்தது ஸ்டர்ஜிஸின் ஆட்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் ஷார்ப்ஸ்பர்க் ஊரைக் காத்து நின்றது டேவிட் ஜோன்ஸின் டிவிஷன். அவரும் 1846 பேட்ச்.

ஜோன்ஸ் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காலையில் பாலத்தைத் தாக்கி வந்த வடக்குப் படையில் கனெக்டிகட் ரெஜிமென்ட் ஒன்றின் கர்னல் ஹென்றி கிங்ஸ்பரி, வயது 25 சுமார். ஜோன்ஸின் சகலை. இரண்டு பேர் மனைவிமாரும் உடன்பிறந்த அக்கா தங்கை. தகப்பனை இழந்த இந்தக் கிங்ஸ்பரிக்குக் கார்டியனாக இருந்தவர் பர்ன்சைட். ஆக, கார்டியன் அனுப்பிய தாக்குதலில், சகலையின் ஆட்கள் சுட்டு, அந்தப் பையன் செத்தான். ஜோன்ஸ் அதற்குப் பிறகு நாலு மாதம்கூட இருக்கவில்லை, 1863 ஜனவரியில் இதய நோயில் போய்விட்டார்.

மாலையில் பர்ன்சைடின் படை ஊரை நெருங்கிவிட்டது, தெற்குப் படையை நடத்திய ராபர்ட் லீயின் ஆட்கள் பின்வாங்க வழியில்லாமல் முடியப்போகிறது என்ற நேரத்தில் தெற்கே புழுதி கிளம்பியது. ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலிருந்து சுமார் 17 மைல் ஓட்டமும் நடையுமாகத் தன் ஆட்களைக் கொண்டுவந்திருந்தார் ஹில். சிலர் பிடிபட்ட கிடங்கிலிருந்து எடுத்த வடக்கின் நீலச் சட்டையைப் போட்டிருந்ததால் எதிரி யார், நம் ஆள் யார் என்றே பர்ன்சைடின் படைக்குப் புரியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மெக்லெல்லன் கையிலிருந்த வெற்றி நழுவியது. நழுவ வைத்தது பழைய ரூம்மேட்.

———

பழையகணக்கு எழுதியது:

தேர்முட்டி அண்ணே, நீங்கள் சொல்வதெல்லாம் சரி, மனதைத் தொடுகிறது. ஆனால் ஒரு கேள்வியை இங்கே வைத்தே ஆக வேண்டும். ஒருவரையொருவர் தெரிந்திருந்தது போரில் உண்மையிலேயே உதவியதா? நான் உதவவில்லை என்பேன். சில நேரம் கெடுத்தது.

மெக்லெல்லனையே எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் ராபர்ட் லீயோடு ஒரே இன்ஜினியர் கூட்டத்தில் வேலை பார்த்தவர். 1862 ஏப்ரலில் லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில் லீயைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா? பெரிய பொறுப்பு தலையில் விழுந்தால் தயங்குகிற ஆள், அளவுக்கு மீறி ஜாக்கிரதை பார்ப்பவர் என்று! இரண்டே மாதத்தில் தெற்கின் தலைநகர் ரிச்மண்ட் வாசலில் அதே லீ ஏழு நாள் விடாமல் அடித்து இவரைத் துரத்தினார். மெக்லெல்லன் லீயின் மேல் ஏற்றிச் சொன்ன குணம் அத்தனையும் அவருடையது.

சான்சலர்ஸ்வில் இன்னொரு உதாரணம். 1863 ஏப்ரல் கடைசியில் வடக்குப் படைத்தலைவர் ஹூக்கர் தன் குதிரைப்படையில் பெரும்பகுதியை ஸ்டோன்மனிடம் கொடுத்து லீக்குப் பின்னால் சுற்றிவர அனுப்பிவிட்டார். மே 2 அன்று ஸ்டோன்மனின் பழைய அறைத்தோழர் ஜாக்சன் சுமார் 12 மைல் காட்டுவழியில் படையை நடத்திக்கொண்டு போய் வடக்குப் படை வரிசையின் வலது பக்கத்தை மடக்கினார். அந்தப்பக்கம் உளவு பார்க்க வேண்டிய குதிரைகள் எல்லாம் எங்கோ தொலைவில். தணல் வெளிச்சத்தில் படித்த அந்தப் பிடிவாதத்தை ஸ்டோன்மனைவிட அருகில் பார்த்தவர் யார்? என்ன பிரயோஜனம்?

ரேங்க் கதையும் அப்படித்தான். 1846-இல் முதலிடம் யார் என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். சார்லஸ் ஸ்டூவர்ட். இன்ஜினியர் பிரிவிலேயே இருந்து கர்னலாக ஓய்வு பெற்றார். நல்ல அதிகாரி, அவ்வளவுதான். பின்னாளில் வடக்கின் மொத்தப் படைக்கும் தலைவரான யுலிசஸ் கிராண்ட் 1843-இல் 39 பேரில் 21.

———

நிலாமுற்றம் எழுதியது:

பழையகணக்கு சொல்வதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். 1853 பேட்சைப் பாருங்கள். முதலிடம் ஜேம்ஸ் மெக்பெர்சன், 7-ஆம் இடம் ஸ்கோஃபீல்ட், 34 ஷெரிடன், 44 ஜான் பெல் ஹூட். முதல் மூன்று பேரும் வடக்கு, ஹூட் தெற்கு. கணக்கில் தத்தளித்த ஹூடுக்கு மெக்பெர்சன் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள்.

1864 ஜூலை 17 அன்று அட்லான்டாவைக் காக்கும் படைக்கு ஹூட் தலைவரானார். செய்தி வந்ததும், அட்லான்டாவை நோக்கி வந்த வடக்குப் படைத்தலைவர் ஷெர்மன் செய்த முதல் காரியம், ஹூட் எப்படிப்பட்ட ஆள் என்று அவரோடு படித்த ஸ்கோஃபீல்டைக் கேட்டதுதான். துணிச்சல்காரன், முன்பின் பார்க்காமல் பாய்வான் என்று பதில் வந்தது. உடனே எல்லாப் படைத்தலைவர்களுக்கும் எச்சரிக்கை போனது. மூன்றே நாளில், ஜூலை 20, ஹூட் பாய்ந்தார். மறுபடியும் 22. தயாராக இருந்ததால் வடக்கு தாங்கியது. இது உதவி இல்லாமல் வேறென்ன?

ஆனால் அந்த 22-ஆம் தேதியிலேயே மெக்பெர்சன் செத்தார். வரிசையில் ஒரு இடைவெளியைப் பார்க்கக் குதிரையில் போனவர் தெற்கின் ஆட்கள் நடுவில் போய் மாட்டிக்கொண்டார். நில் என்றபோது தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்துவிட்டுக் குதிரையைத் திருப்பினார், சுட்டுவிட்டார்கள். வயது 35. கல்யாணத்துக்கு நாள் பார்த்து, போர் வேலையால் தள்ளிப்போட்டிருந்தார். பால்டிமோரில் காத்திருந்த அந்தப் பெண் எமிலி ஹாஃப்மன் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹூட் பிற்பாடு எழுதிய நினைவுகளில் இந்தச் சாவு தனக்கு உண்மையான துக்கத்தைக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறார். அவர் உத்தரவில் நடந்த தாக்குதல்தான் அது.

கிராண்டும் தன் நினைவுக் குறிப்புகளில் இதைத் தெளிவாகச் சொல்கிறார். லீயை ஏதோ தெய்வப்பிறவி போல வடக்கிலேயே பலர் பேசினார்கள், மெக்சிகோவில் பார்த்துப் பழகியதால் அவரும் மனிதர்தான் என்பது எனக்குத் தெரியும், அது ஒரு பலம் என்று.

———

கருங்காலி எழுதியது:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒரு உறுத்தல். பழைய நண்பர்கள், பிரிந்த நண்பர்கள், சாகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்ட நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டே போனால் இந்தப் போர் ஏதோ ஒரு குடும்பச் சண்டை மாதிரி ஆகிவிடுகிறது. அப்படி இல்லை. ஒரு பக்கம் மனிதர்களை வாங்கி விற்பதைக் காப்பாற்றச் சண்டை போட்டது. ஜாக்சன் எவ்வளவு பிடிவாதமாகப் படித்தார் என்பதை மதிக்கிறேன், ஆனால் அந்தப் படிப்பு எதற்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

முதல் பதிவில் பிக்கெட் கொடி ஏந்தியது வந்தது. சரி. 1864 பிப்ரவரியில் வட கரோலினாவில் கின்ஸ்டன் என்ற ஊரில் பிக்கெட் என்ன செய்தார் என்பதும் வரட்டும். முன்னால் தெற்கின் உள்ளூர்ப் படைகளில் இருந்துவிட்டு வடக்குப் படையில் சேர்ந்த அந்தப் பகுதி ஆட்கள் பிடிபட்டார்கள். அவர்களில் 22 பேரை, வடக்குச் சீருடையில் போர்க்கைதியாகப் பிடிபட்டவர்களை, தூக்கில் போட்டார். சிலரை அவர்களுடைய சொந்த ஊரில், சொந்தக்காரர்கள் பார்க்கவே. போர் முடிந்து விசாரணை தொடங்கியதும் பிக்கெட் மனைவியோடு கனடாவுக்கு ஓடினார். அப்புறம் யார் காப்பாற்றினது? கிராண்ட். 1866 மார்ச்சில் ஜனாதிபதி ஜான்சனுக்கு எழுதினார்: பிக்கெட் எனக்கு நேரில் தெரிந்த மரியாதையான மனிதர், அவர் செய்தது நியாயப்படுத்தக்கூடியது இல்லை, ஆனாலும் இப்போது வழக்கு நடத்தினால் சரணடைந்தபோது நாம் கொடுத்த வாக்கை மீறியதாகும் என்ற தோரணையில். வழக்கு அத்தோடு போயிற்று.

அந்த 22 பேருக்கு வெஸ்ட் பாயின்டில் கூடப் படித்தவர் யாரும் இல்லை.

சாப்புல்டெபெக் பற்றியும் ஒன்று. அந்தக் கோட்டை என்ன தெரியுமா? மெக்சிகோவின் ராணுவக் கல்லூரி. உள்ளே அந்த நாட்டு மாணவர்கள் இருந்தார்கள். திரும்பிப் போகச் சொன்ன பின்பும் ஐம்பது பேர் சுமார் போகாமல் நின்றார்கள். அன்றைக்கு ஆறு பேர் செத்தார்கள், பதின்ம வயதுப் பையன்கள்தான் அதிகம். மெக்சிகோ அவர்களை வீரச் சிறுவர்கள் என்று இன்றைக்கும் ஒவ்வொரு செப்டம்பர் 13 அன்றும் நினைவுகூர்கிறது. 1947-இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். ஒரு ராணுவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையன்கள் இன்னொரு ராணுவக் கல்லூரிப் பையன்களைச் சுட்ட நாள் அது. கிராண்டே அந்தப் போரைப் பலமான நாடு பலவீனமான நாட்டின் மேல் தொடுத்த மிக அநியாயமான போர்களில் ஒன்று என்று எழுதிவிட்டார்.

———

தேர்முட்டி எழுதியது:

கருங்காலி, கின்ஸ்டன் இந்த இழையில் வந்தே தீர வேண்டிய விஷயம், நன்றி. நீங்கள் சொன்னதிலிருந்தே தொடர்கிறேன். நட்பு போரில் யார் கையையும் கட்டிப்போடவில்லை. ரீனோ, மெக்பெர்சன், கிங்ஸ்பரி யாருக்கும் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் துப்பாக்கி ஓய்ந்த நிமிடத்திலிருந்து நட்புதான் பேசியது. சரணடைந்த பின் நடந்ததைத்தான் அது தீர்மானித்தது என்பேன். நல்லதும் கெட்டதும் இரண்டுமே அதில் வந்தது.

பக்னர் கதை. சைமன் பக்னர் 1844 பேட்ச், போரில் தெற்கு. 1854-இல் ராணுவ வேலையை விட்டுவிட்டு கலிஃபோர்னியாவிலிருந்து கையில் காசில்லாமல் நியூயார்க் வந்து சேர்ந்தார் கிராண்ட். வீட்டிலிருந்து பணம் வரும்வரை ஓட்டல் பில்லுக்குப் பக்னர் பொறுப்பேற்றார். எட்டு வருடம் கழித்து, 1862 பிப்ரவரி, டோனல்சன் கோட்டை. வெளியே முற்றுகையிட்டவர் கிராண்ட், உள்ளே மாட்டிக்கொண்டவர் பக்னர், அவருக்கு மேலே இருந்த இரண்டு ஜெனரல்கள் பொறுப்பை இவர் தலையில் கட்டிவிட்டு இரவோடு இரவாகத் தப்பிவிட்டார்கள். பழைய பழக்கத்தில் கொஞ்சம் தாராளமாக நடப்பார் என்று நம்பி என்ன நிபந்தனை என்று கேட்டு எழுதினார். கிராண்டின் பதில் உலகப் பிரசித்தம்: நிபந்தனை எதுவும் இல்லை, உடனடியாகச் சரணடைய வேண்டும். பெருந்தன்மையும் இல்லை, வீரனுக்கு அழகும் இல்லை என்று பக்னர் பொருமிக்கொண்டே சரணடைந்தார். சரணடைந்த பிறகு கிராண்ட் தனியே கூப்பிட்டு, செலவுக்கு என் பணப்பையை வைத்துக்கொள் என்றார்.

1885 ஜூலையில், தொண்டைப் புற்றுநோயில் பேச்சே போய், காகிதத்தில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்த கிராண்டைப் பார்க்க மவுன்ட் மெக்கிரெகர் வரை போனார் பக்னர். அதே மாதம் கிராண்ட் இறந்தார். பாடையோடு நடந்தவர்களில் வடக்கின் ஷெர்மன், ஷெரிடனோடு தெற்கின் பக்னரும் ஜோசஃப் ஜான்ஸ்டனும் உண்டு.

1848-இல் செயின்ட் லூயிஸில் கிராண்டின் கல்யாணத்துக்கு வந்திருந்த லாங்ஸ்ட்ரீட்டும் வில்காக்ஸும் 1865 ஏப்ரல் 9 அன்று லீயின் படையோடு அப்பமாட்டக்ஸில் மாப்பிள்ளையிடமே சரணடைந்தார்கள். கிராண்ட் சொன்ன நிபந்தனை இவ்வளவுதான்: சிப்பாய்கள் குதிரையை வைத்துக்கொள்ளலாம், உழவுக்கு வேண்டும். அதிகாரிகள் வாளை வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனால் தொந்தரவு இல்லை. மறுநாள் இரண்டு பக்க அதிகாரிகளும் வெகுநாள் பிரிந்த நண்பர்களைப் போலக் கூடிப் பேசினார்கள் என்று கிராண்ட் எழுதுகிறார்.

லாங்ஸ்ட்ரீட்டை மட்டும் நான் தனியே வைத்துப் பார்க்கிறேன். தோற்ற பிறகு குடியரசுக் கட்சியில் சேர்ந்தார், கிராண்ட் நியூ ஆர்லியன்ஸ் சுங்கத்தில் வேலை கொடுத்தார். 1874 செப்டம்பர் 14 அன்று அந்த ஊரில் வெள்ளையர் லீக் ஆயுதத்தோடு அரசைக் கவிழ்க்க வந்தபோது, கறுப்பின மக்கள் நிறைந்த மிலீஷியாவை நடத்தி எதிரே நின்றவர் லாங்ஸ்ட்ரீட். எதிர்ப்பக்கம் பழைய தெற்குச் சிப்பாய்கள். அவரைக் குதிரையிலிருந்து இழுத்துப் பிடித்தார்கள். பழைய தோழர்கள் பலர் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் தெற்கு தோற்ற பழி முழுவதையும் அவர் மேல் சுமத்தியதற்கு அவர் எடுத்த இந்தப் பக்கம்தான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

———

மின்மினி எழுதியது:

கஸ்டர் இந்தக் கூட்டத்தில் எங்கே வருகிறார்?

———

நிலாமுற்றம் எழுதியது:

வடக்கின் குதிரைப்படைத் தளபதி கஸ்டர் 1861 ஜூன் பேட்ச், 34 பேரில் 34. அந்த வருடம் போருக்காக இரண்டு பேட்சை அவசரமாக வெளியே தள்ளினார்கள். அவருடைய நெருங்கிய நண்பர் தாமஸ் ராசர், மே பேட்ச், தேர்வு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே விலகித் தெற்கில் சேர்ந்தார்.

1862-இல் காயம்பட்டுப் பிடிபட்ட இன்னொரு பழைய தோழன் ஜான் லீயின் கல்யாணத்துக்கு, வில்லியம்ஸ்பர்கில், கஸ்டர் மாப்பிள்ளைத் தோழனாக நின்றார். மாப்பிள்ளை தெற்கின் சாம்பல் சீருடை, தோழன் வடக்கின் நீலச் சீருடை.

1864 அக்டோபர் 9, டாம்ஸ் புரூக். ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் இரண்டு குதிரைப்படையும் எதிரெதிரே. எதிரே நிற்பது ராசர் என்று தெரிந்ததும் கஸ்டர் வரிசைக்கு முன்னால் தனியே குதிரையில் வந்து தொப்பியைக் கழற்றி ஒரு பெரிய வணக்கம் போட்டார். அப்புறம் அடித்து மைல் கணக்கில் துரத்தினார். ராசரின் பெட்டி வண்டி பிடிபட்டது, கஸ்டர் ராசரின் கோட்டைப் போட்டுக்கொண்டு சுற்றினார். ராசர் ஆறடிக்கு மேல், கோட்டு தொளதொளவென்று இருந்திருக்கிறது.

பத்து நாளில் சீடர் கிரீக் சண்டை. தெற்கின் ராம்சர், 1860 பேட்ச், நுரையீரலில் குண்டு பட்டுப் பிடிபட்டார். பெல் குரோவ் மாளிகையில் படுத்திருந்தவரை வடக்கில் இருந்த பழைய தோழர்கள் கஸ்டரும் மெரிட்டும் டூபாண்டும் போய்ப் பார்த்தார்கள். குழந்தை பிறந்த செய்தி மட்டும் அவருக்கு வந்திருந்தது, ஆணா பெண்ணா என்று தெரியாது. மறுநாள் இறந்தார். வயது 27. குழந்தை பெண்.

1873-இல் நார்தர்ன் பசிஃபிக் ரயில் பாதைக்காக யெல்லோஸ்டோன் பக்கம் நில அளவை. அளவைக் கூட்டத்துக்குத் தலைவர் ராசர், காவலுக்குப் போனவர் கஸ்டர். இரவுகளில் கூடாரத்துக்கு வெளியே படுத்துப் பழைய கதை பேசினார்கள். அது பூர்வகுடி லகோட்டா மக்களின் நிலம். மூன்று வருடத்தில் லிட்டில் பிக்ஹார்னில் அந்தப் பூர்வகுடி மக்களோடு சண்டை, கஸ்டர் அங்கேயே முடிந்தார். அவரோடு செத்த இளம் அதிகாரிகளில் ஜேம்ஸ் ஸ்டர்ஜிஸ் ஒருவர். ரீனோ யாரிடம் கடைசியாகப் பேசினாரோ அந்தச் சாமின் மகன்.

———

கருங்காலி எழுதியது:

லாங்ஸ்ட்ரீட் பற்றி எழுதியதற்கு நன்றி தேர்முட்டி. அதே 1870-களில் வெஸ்ட் பாயின்டுக்குள்ளே என்ன நடந்தது என்றும் பார்த்துவிடுவோம்.

1870-இல் முதல் கறுப்பின மாணவர் ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித் சேர்ந்தார். நாலு வருடம் அடியும் அவமானமும் பட்டு, ஒரு பாடத்தில் தவறினார் என்று 1874-இல் வெளியேற்றப்பட்டார். 1877-இல் ஹென்றி ஃப்ளிப்பர் தேறினார், முதல் கறுப்பினப் பட்டதாரி. அடிமையாகப் பிறந்தவர். நாலு வருடமும் வேலை விஷயம் தவிர வெள்ளை மாணவர் ஒருவரும் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய ரூம்மேட் ஜான்சன் விட்டேக்கர், அவரும் அடிமையாகப் பிறந்தவர். ஃப்ளிப்பர் போன பிறகு விட்டேக்கர் தனி ஆள். 1880 ஏப்ரலில் ஒரு காலை, கட்டிலோடு கட்டிப்போட்டு, காது கிழிந்து, ரத்தத்தில் கிடந்தார். முகமூடி போட்ட மூன்று பேர் இரவில் வந்து அடித்தார்கள் என்றார். அகாடமி என்ன சொன்னது? தானே கட்டிக்கொண்டார் என்றது. அப்போது அகாடமித் தலைவர் யார் தெரியுமா நிலாமுற்றம்? ஹூடைப் பற்றி அவ்வளவு சரியாகக் கணித்தாரே, ஸ்கோஃபீல்ட், அவர்தான்.

ராணுவ நீதிமன்றம் 1881-இல் விட்டேக்கரைக் குற்றவாளி என்றது. அடுத்த வருடம் ஜனாதிபதி ஆர்தர் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். ஆனாலும் தேர்வில் தவறினார் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து 1995-இல்தான் அதிகாரிப் பட்டம் கொடுத்தார்கள்.

ஜாக்சனுக்கு ஸ்டோன்மன், மெக்லெல்லனுக்கு ஹில், ஃப்ளிப்பருக்கு விட்டேக்கர். மூன்று ஜோடி ரூம்மேட்டுகளையும் ஒரே இழையில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

———

பழையகணக்கு எழுதியது:

ஸ்கோஃபீல்டை அந்த விஷயத்துக்குப் பின் மாற்றிவிட்டார்கள் இல்லையா? யார் வந்தது?

———

தேர்முட்டி எழுதியது:

ஆமாம், 1881 ஜனவரியில் மாற்றினார்கள். வந்தவர் ஆலிவர் ஹோவர்ட், 1854 பேட்ச். போரில் ஒரு கையை இழந்தவர். சான்சலர்ஸ்வில்லில் ஜாக்சன் மடக்கினாரே வலது பக்கம், அது ஹோவர்டின் கோர்தான், நீங்கள் மேலே எழுதிய அதே இடம். போருக்குப் பிறகு விடுதலை பெற்ற அடிமைகளுக்கான அரசு பீரோவை நடத்தினார், வாஷிங்டனில் அவர் பெயரிலேயே ஹோவர்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஹோவர்ட் மாணவராக இருந்தபோது, அடிமை முறைக்கு எதிரானவன் என்பதும் ஒரு காரணமாகக் கூடப் படித்தவர்கள் கொஞ்ச காலம் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அப்போது அவரோடு வெளிப்படையாகப் பழகியவர்களில் ஒருவர் வர்ஜீனியாக்காரர் ஜெப் ஸ்டூவர்ட். அந்த அன்பை ஹோவர்ட் தன் சுயசரிதையில் மறக்காமல் எழுதுகிறார். ஸ்டூவர்ட் தெற்கின் குதிரைப்படைத் தலைவராகி 1864 மே மாதம் யெல்லோ டாவர்னில் அடிபட்டுச் செத்தார். அந்தத் தாக்குதலை அனுப்பியவர் 1853 பேட்ச் ஷெரிடன்.

ஹோவர்ட் வந்தும் விட்டேக்கருக்கு நியாயம் கிடைக்கவில்லை, கருங்காலி சொன்னபடிதான் முடிந்தது. அவர் தலைவராக இருந்த அந்த ஒன்றரை வருடம் உள்ளே என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்பதைத் தெரிந்தவர் யாராவது விரிவாக எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.